விழுந்தவர் எழும்வரை

கீழே விழுந்து கிடந்த முள்ளங்கிச் சித்தப்பாவை அல்லி இன்னும் ஓர் உதை உதைத்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஹேமலதா பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

இருவரின் குணத்தையும் அளக்க வந்திருந்த குணமானிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குணமானிப் பெட்டியின் நெற்றித் திரையில் பச்சையாக நின்றிருந்த கோடு சரிந்து, மஞ்சளைத் தாண்டி, சிவப்பில் போய் உட்கார்ந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அல்லியின் அப்பா லோகநாதன் மட்டும் நேராகவே பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மிணி, சித்தெ பதனமா ஆடு கண்ணு” என்றார்.

“பதனமாத்தான்ப்பா ஆடறேன்” என்றாள் அல்லி. திரையில் முள்ளங்கிச் சித்தப்பா, தலையிலிருந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். கடைசி இலையைச் செருகும் நேரம் பார்த்து அவள் மறுபடியும் உதைத்தாள். எல்லா இலையும் பறந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முள்ளங்கிச் சித்தப்பாவை ஆட்டிவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவன்தான் மாப்பிள்ளை துகிலன். அவனுடைய கோடு பச்சையின் உச்சியில் ஆணி அடித்தாற்போல் நின்றது. நூறு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் நூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் அந்த இலைகள் பறந்தபோது அவனுக்கும் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் சிரிக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு ஜப்பானிய மொழியில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. கிறுக்கர் சந்து என்று பொருள். போன நூற்றாண்டின் கடைசியில் ஒசாகாவில் நாலைந்து பேர் சேர்ந்து செய்த சண்டை விளையாட்டு. அந்தக் காலத்துச் சண்டை விளையாட்டுகளில் எல்லாம் மலை போன்ற தோள்களோடு வீரர்கள் வந்து நெருப்புப் பந்து வீசிக்கொண்டிருக்க, இதில் வந்தவர்கள் வேறு ரகம். முள்ளங்கி வேடம் போட்டு விளம்பரம் செய்து பிழைக்கிற ஒரு மனிதர். குளியல் வாளியால் அடிக்கும் பொதுக்குளியலறைக்காரி. அடித்தாலும் அழுது, அடிபட்டாலும் அழுகிற மல்லன். எதிரியின் பல்லைப் பிடுங்கப் போய்த் தன் பல்செட்டைப் பறிகொடுக்கும் பல் வைத்தியர். ரயில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குத்துகிற நிலைய அதிகாரி. யார் வாங்குவார்கள் இதை? அப்போது யாரும் வாங்கவில்லை.

ஆனால் அதைச் செய்தவர்கள் ஒரு குறும்பு செய்து வைத்திருந்தார்கள். விழுந்தவர் உடனே எழமாட்டார். சித்தப்பா இலை பொறுக்குவார், வைத்தியர் பல்செட்டைத் தேடுவார், மல்லன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவான். அந்த நேரத்தில் அவரை அடித்தால் அடி விழும். புள்ளி மட்டும் கிடைக்காது. லாபமே இல்லாமல், விழுந்து கிடக்கிறவனை, அவன் மானம் போய் நிற்கிற நேரத்தில் அடிக்க உனக்குக் கை வருமா வராதா? அவ்வளவுதான் கேள்வி. இதற்கு இடைவெளி என்று பெயர் வைத்தார்கள் நம் ஆராய்ச்சியாளர்கள். விரல்நுனியில் விரலுணரி என்ற வில்லையை ஒட்டிவிட்டால், அடிக்கும் எண்ணம் நரம்பில் கிளம்பும்போதே, விரல் அசைவதற்கு முன்பே, பிடித்துவிடும். மனிதன் வாயால் எதையும் சொல்லலாம், நரம்பால் முடியாது என்றார்கள். குணத்தை அளக்கிற கருவி கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் இடைவெளி மதிப்பு இல்லாமல் வேலை இல்லை, வாடகைக்கு வீடு இல்லை, பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை. ஜாதகத்தையும் விட்டுவிடவில்லை. நாம் எதைத்தான் விட்டிருக்கிறோம்? ஜாதகம் பொருந்தியபின் பெண் பார்க்க வருகிற அன்று, பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவில் ஆட்டப் பார்வை என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். குணமானிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்.

மதிப்பெண் என்று ஒன்று பிறந்துவிட்டால் பயிற்சி மையம் பிறக்காமல் இருக்குமா? அதுவும் நம் ஊரில்? துகிலன் ஈரோட்டில் வெற்றிவிரல் பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்றுநர். பெருந்துறைச் சாலை முழுக்க அவன் படம் போட்ட பலகைகள். அவன் கண்டுபிடித்ததுதான் கைகட்டு முறை. மற்ற மையங்கள் அடிக்கும் எண்ணத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்தன. அடக்கினாலும் கிளம்பியது கிளம்பியதுதானே, விரலுணரி பிடித்துவிடும். துகிலன் வேறு மாதிரி யோசித்தான். எண்ணம் கிளம்புவதற்கு முன்பே உடம்புக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால்? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கூரையிலிருந்து பொம்மைகளை விழவைத்தான். பொம்மை விழுந்ததும் ஓரடி பின்னால் போ, கைகளை வயிற்றோடு கட்டு, தலையை லேசாகக் குனி, அது எழும்வரை நில். மறுபடி. மறுபடி. பின்னர் ஒரு நாள் எதுவும் யோசிக்காமலே பிள்ளை அப்படி நிற்கும். அன்றிலிருந்து அதற்கு நூறுதான். வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் மதிப்பு தேவைப்பட்ட பெரியவர்கள் உட்பட, மாநிலமே கைகட்டு முறைக்கு மாறியது.

அல்லியையும் சின்ன வயதில் ஒரு மையத்தில் சேர்த்தார்கள். திரையில் யாராவது விழும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்ததால் அந்த வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் மாட்டு மருத்துவர். அரசு வேலை இல்லை. இந்த மதிப்பை வைத்துக்கொண்டு அது கிடைக்காது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள். லோகநாதன் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். பெண்ணின் மதிப்பைக் கேட்டபோதெல்லாம், “நேர்லயே பாத்துக்கலாமுங்க” என்று மழுப்பி மழுப்பித்தான் இவர்களை வீடுவரை வரவழைத்திருந்தார்.

“முப்பத்தொண்ணுங்க” என்றார் குணமானிக்காரர், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

ஹேமலதா எழுந்தார். “காபி வேண்டாமுங்க. கெளம்பறோம்.”

அவர் எழுந்ததும் அவருடைய தம்பி, தம்பி மனைவி, துகிலனின் தங்கை என்று எல்லோரும் எழுந்தார்கள். துகிலனும் எழுந்தான். அல்லியைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவளை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் பயிற்சி மையத் தலைமைப் பயிற்றுநரின் மனைவிக்கு முப்பத்தொன்று என்றால் ஊர் என்ன பேசும்? இதையும்தான் நினைத்தான்.

வாசலில் அவர்களுடைய தானோடி, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி, கதவைத் திறந்துகொண்டு நின்றது. லோகநாதன் செருப்பைச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே ஓடிவந்தார்.

“சம்மந்தி, கோவிச்சுக்காதீங்க. தாயில்லாத புள்ள. ஆட்டந்தானுங்க அது, ஒரு வாய் காபி மட்டும்...”

கடைசிப் படியில் வேட்டி காலில் சிக்கியது. ஆள் அப்படியே பக்கவாட்டில் சரிந்து, இடுப்பு சிமெண்ட் விளிம்பில் மோத, வாசலில் விழுந்தார். கண்ணாடி கழன்று தூரப் போனது. அவர் ஒரு கையால் தரையைத் தடவினார். கண்ணாடியைத் தேடினார். வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். கைகளை வயிற்றோடு கட்டிக்கொண்டார்கள். தலையை லேசாகக் குனிந்தார்கள். ஹேமலதா, அவர் தம்பி, தம்பி மனைவி, தங்கை, பெட்டியோடு பின்னால் வந்த குணமானிக்காரர், எதிர்வீட்டு வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லோரும். அவர் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள்.

துகிலனும் நின்றான். அவன் என்ன நினைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிசை நன்றாக அமைந்திருக்கிறது என்று நினைத்தான். அம்மாவின் முழங்கை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஒரு மனிதர் மூச்சுவிட முடியாமல் அவன் காலடியில் கிடக்கும்போது, மாணவர்களைப் போல அவர்கள் நிற்கும் அழகைத் திருத்திக்கொண்டிருந்தது அவன் மனம்.

அல்லி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வழியில் நின்ற துகிலனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்தாள். “கால யாராச்சும் புடிங்க” என்றாள். யாரும் பிடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவளைச் சுற்றி எல்லோரும் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கன்றுக்குட்டியை இழுத்துப் பழகிய கைகள். அப்பாவை அப்படியே இழுத்து, திறந்திருந்த தானோடிக்குள் கிடத்தி, தானும் ஏறிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். வண்டி போய்விட்டது.

விழுந்தவர் கண்ணிலிருந்து மறைந்ததும் எல்லோருடைய கைகளும் தானாக அவிழ்ந்தன.

“பாவம், நல்ல மனுசன்” என்றார் ஹேமலதா. “நம்ம வண்டியத்தான எடுத்துட்டுப் போயிட்டா?”

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போதுதான் துகிலனுக்கு வெட்கம் வந்தது. முதலில் அது வெட்கம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. காது மடல் சுட்டது, வெயில் என்று நினைத்தான். பிறகு மையத்தின் விளையாட்டுத் திடல் நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு சிறுமி சறுக்குமரத்திலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து அழுதபோது, முப்பது பிள்ளைகள் வட்டமாகக் கைகட்டி நின்றார்கள். மாடியிலிருந்து அதைப் பார்த்து அவன் பெருமையில் பூரித்துப்போயிருந்தான். கீழே இறங்கிப் போகவில்லை. அந்தப் பிள்ளை தானாக எழுந்து நொண்டிக்கொண்டே போனது. நடுத்தெருவில் நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அசைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் அசைந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். லோகநாதனுக்கு இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உங்களையெல்லாம் வெயில்ல நிக்க வெச்சுட்டனுங்க தம்பி. அம்மா ரொம்ப சங்கடப்பட்டிருப்பாங்க” என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார். துகிலனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தான்.

நடைவழி பெஞ்சில் அல்லி உட்கார்ந்திருந்தாள். பேருந்தில் வரும்போதே தயாரித்து வைத்திருந்த பேச்சை அவன் எடுத்தான்.

“பெட்டி உங்களுக்கு முப்பத்தொண்ணு போட்டது தப்புங்க. உங்க மனசு அதுக்குத் தெரியல. எங்க எல்லாரையும் விட நீங்கதான்...”

“சரியாத்தாங்க போட்டிருக்குது” என்றாள் அவள். “நான் அடிச்சேனுல்ல? முள்ளங்கி எல பொறுக்கறப்ப அடிச்சா எனக்குச் சிரிப்பு வருது. அந்த மல்லன் மூக்குச் சிந்தறப்ப விட்டுட்டு இருக்கவே முடியாது. என்னைய நல்லவளாக்கிட்டு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போலாம்னு பாக்காதீங்க.”

“இல்லீங்க...” என்று தொடங்கினான் அவன்.

“எனக்குக் கை வந்துச்சு, அடிச்சேன். கை வந்துச்சு, தூக்குனேன்” என்றாள் அல்லி. “உங்களுக்குக் கையே வரலீங்க. அடிக்கறதுக்கும் வராது, தூக்கறதுக்கும் வராது. ரெண்டும் ஒரே கைதானுங்களே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மாட்டுக்கு என்ன நோய் என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள். துகிலன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். இத்தனை வருடங்கள் பிள்ளைகளிடமிருந்து கெட்டதை எடுத்துவிட்டதாக நினைத்திருந்தான். கெட்டதை மட்டும் எடுக்க அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையையே எடுத்துவிட்டிருக்கிறான்.

“நான் ஏதாச்சும் செய்யணுமுங்க” என்றான்.

அல்லி அப்பாவின் அறைப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள். “அப்பாவ நடக்க வெக்கறப்ப அக்கட்ட ஒரு ஆளு, இக்கட்ட ஒரு ஆளு வேணும். வாங்க. ஆனா புடிச்சா உடக் கூடாது.”

“விடமாட்டேனுங்க.”

அதை நம்பித்தான் சொன்னான். வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தலையணையை நிறுத்திவைத்து, அது சாயும்போது பிடிக்கப் பழகினான். தலையணை சாயத் தொடங்கியதும் அவன் கால் பின்னால் போனது. மறுபடி நிறுத்தினான். மறுபடி கால் பின்னால் போனது. அடுத்தவனுக்கு ஒரு பழக்கத்தை ஏற்றுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன்னிடமிருந்து ஒன்றை இறக்குவது எப்படி என்று தெரியவில்லை. ஆனாலும் தலையணை வேறு, மனிதர் வேறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

நடக்க வைக்கும் நாள் வந்தது. வலப்பக்கம் அல்லி, இடப்பக்கம் துகிலன். லோகநாதனின் கையை அவன் கெட்டியாகப் பிடித்திருந்தான். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. நாலடி நன்றாக நடந்தார். “பரவால்லீங்களே” என்று அவனைப் பார்த்துச் சிரித்தார். இந்தக் கையை விடாமல் இருந்துவிட்டால் போதும், அப்புறம் அல்லியிடம் முகம் கொடுத்துப் பேசலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று நினைத்தான்.

ஐந்தாவது அடியில் அவருக்கு முழங்கால் மடங்கியது.

துகிலனின் கை அவிழ்ந்தது. அவன் அவிழ்க்கவில்லை, அது அவிழ்ந்துகொண்டது. ஓரடி பின்னால் போனான். கைகள் வயிற்றில் கட்டிக்கொண்டன. தலை குனிந்தது. எதிரே, நடைப்பயிற்சி கொடுக்க வந்த ஆஸ்பத்திரி ஊழியரும் அதே மாதிரி கைகட்டித் தலைகுனிந்து நின்றார். அல்லி ஒற்றையாளாக அப்பாவின் முழுப் பாரத்தையும் தோளில் வாங்கினாள். வாங்கியும் அவர் முழங்கால் தரையில் மோதியது. இந்த முறை அவர் கத்திவிட்டார்.

அவரைக் கட்டிலில் படுக்கவைத்தபின் அல்லி வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“நீங்க போயிருங்க” என்றாள். “கோவமில்லீங்க. வேணும்னு பண்ணலன்னு தெரியும். ஆனா போயிருங்க.”

அவன் போனான். மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், அந்தப் பதிலைத் தாங்கியிருக்க முடியாது.

இதற்குள் எதிர்வீட்டு வாசல் கேமரா எடுத்த படம் ஊரெங்கும் போய்விட்டிருந்தது. விழுந்து கிடக்கும் லோகநாதன், சுற்றிக் கைகட்டி நிற்கும் கூட்டம், நடுவில் துகிலன். அவன் திட்டு வரும் என்று எதிர்பார்த்தான். காறித் துப்புவார்கள், பலகைகளைக் கிழிப்பார்கள் என்று நினைத்தான். உண்மையில் அதற்காக ஏங்கினான். யாராவது ஒருவர் திட்டினால் பாரம் குறையும் போலிருந்தது. பாராட்டுதான் வந்தது. வெற்றிவிரல் நிறுவனர் அந்தப் படத்தை மையத்தின் வரவேற்பறையில் பெரிதாக ஓடவிட்டார்.

“நேர்ல ஒரு மனுசன் விழுந்திருக்காரு. ஒருத்தராவது விரல ஆட்டுனாங்களா பாருங்க” என்று பெற்றோருக்கு விளக்கினார்.

“அவருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு சார்” என்றான் துகிலன்.

“அதத்தான் நானும் சொல்றேன். அவ்வளவு பெருசா விழுந்ததுக்குமே யாரும் அசையல பாருங்க.”

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் துகிலன் மேடையேறி எல்லாவற்றையும் சொன்னான். தான் செய்தது தப்பு என்றான். பிள்ளைகளின் கையை வெட்டிவிட்டேன் என்றான். ஒரு பெரியவரைத் தன் கையிலிருந்து விழவிட்டதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. முன்வரிசையில் ஒரு தகப்பனார் கையைத் தூக்கினார்.

“அப்ப கைகட்டு முறை போயி வேற முறை வருதுங்களா சார்? அத எப்ப ஆரம்பிக்கறீங்க? எம் பையனுக்கு வைகாசில பரீட்சை.”

எல்லோரும் குறிப்பெடுக்கத் தயாரானார்கள்.

வீட்டில் ஹேமலதா அந்தப் படத்தையே ஜாதகத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல இடங்களிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். மகன் சாப்பிடாமல் இளைத்துப்போவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நம்பினார். அம்மாவை அவனால் வெறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் முதன்முதலில் நூறு வாங்கியபோது தெருவெங்கும் சர்க்கரை கொடுத்தவர் அவர். கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பெண் வீட்டைச் சொன்னபோது சரி என்றான். அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது.

ஆட்டப் பார்வையில் அடிக்க வேண்டும். விழுந்தவரை, எல்லோர் முன்னாலும், இடைவெளியில் வைத்து அடிக்க வேண்டும். ஒரே ஓர் அடி போதும். கோடு இறங்கும், கூடம் திகைக்கும், அம்மா அழுவார், மானம் போகும். போகட்டும். கை வந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்க வந்த கை பிடிக்கவும் வரும். வந்தபின் ஈரோட்டுக்குத் திரும்பிப் போய், லோகநாதனின் இடப்பக்கம் நிற்க அனுமதி கேட்கலாம். அதற்கு மேல் எதையும் அவன் ஆசைப்படவில்லை.

கோபி வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். பெண்ணின் பெயர் தென்றல்மொழி. நல்ல பெண், நூறு மதிப்பு. அவள் அழுகிற மல்லனை எடுத்துக்கொண்டாள்; துகிலன் பல் வைத்தியரை எடுத்துக்கொண்டான். இரண்டு நூறுகள் மோதுகிற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இதைவிடக் கல்யாணப் பத்திரிகை படிப்பது சுவாரசியம். ஒருவர் விழுவார், மற்றவர் ஆட்டத் தண்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நிற்பார். எழுந்ததும் மறுபடி ஓர் அடி. மறுபடி கைகட்டு. குணமானிக்காரர் இடையில் கொட்டாவி விட்டார்.

கடைசிச் சுற்றில் வைத்தியர் கொடுத்த குத்தில் மல்லன் தொப்பென்று விழுந்தான். எழுந்து உட்கார்ந்து கைக்குட்டையைத் தேடினான். மூக்கைச் சிந்தத் தொடங்கினான். துகிலன் பல்லைக் கடித்தான். இப்போது. அடிப்பதற்கான சிவப்புப் பொத்தான் அவன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அல்லியின் முகத்தை நினைத்தான். முழங்கால் தரையில் மோதிய சத்தத்தை நினைத்தான். கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவிய கையை நினைத்தான். அடி, அடிடா என்று தனக்குள் கெஞ்சினான்.

அவன் கைகள் மெல்ல எழுந்து வயிற்றோடு கட்டிக்கொண்டன.

“நூறுக்கு நூறுங்க. ரெண்டு பேருக்கும்” என்றார் குணமானிக்காரர். கூடம் கைதட்டியது.

துகிலன் பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதான். முதலில் சத்தமில்லாமல் அழுதான். பிறகு அடக்க முடியவில்லை. அவன் உட்கார்ந்திருந்த முக்காலி வழுக்கியது. சரிந்து தரையில் விழுந்தான், எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தான். அத்தனை பேர் நடுவே, வேட்டி விலகி, மூக்கு ஒழுகி, கூசிப்போய்க் கிடந்தான். தரையோடு முகம் இருந்ததால் கால்கள்தான் தெரிந்தன. எல்லாக் கால்களும் ஒன்றாக ஓரடி பின்னால் போயின.

“அம்மா” என்றான். “கை குடும்மா.”

ஹேமலதாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிள்ளையைத் தூக்க அவருக்கு உயிர் துடித்தது. ஆனால் கட்டிய கைகள் கட்டியபடியே இருந்தன. பக்கத்தில் அவர் தம்பியும், பெண்ணின் அப்பாவும், தென்றல்மொழியும் தலைகுனிந்து, அவன் எழுந்திருக்கப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

குணமானிக்காரர் நிமிர்ந்து அந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். அவருக்கே மனம் நெகிழ்ந்துபோனது. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு அருமையான பொருத்தத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, அவரும் கைகளைக் கட்டிக்கொண்டார்.